ஏழாம் வியாழன்

ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரி, கீழ்த்தளம்.
கதவில் என் பெயர் இல்லை,
'உள்ளே வரக் கூடாது' மட்டும் உண்டு.
கோழிமுட்டையில் பச்சைச் சாயம் கலந்து
சாய்த்து உறையவைத்த குப்பிகளில்
ஆட்களின் சளி எதையாவது முளைக்கவிடுகிறதா என்று
வியாழன்தோறும் பார்ப்பது என் ஜோலி.

குப்பி 2117.
சேசடிமை, நாற்பத்தாறு, குறும்பனை.
ஸ்லைடில் ஒன்றும் தெரியவில்லை.
பழைய சீட்டில் இன்னொரு சேசடிமை:
வயது இருபத்தொன்பது, எடை நாற்பத்தெட்டு.
மூத்திரம் சிவப்பாய்ப் போகுது,
இருமல் நின்னாச்சு,
பஹ்ரைன் விசாவும் வந்தாச்சு என்று
ஆறு மாச மாத்திரையை
மூன்றாம் மாசம் நிறுத்தினவர்.

நடுவில் பதினேழு வருசம்.
அத்தனை வருசமும் எங்கே இருந்தது அது?

விழுங்கினவனுக்குள்ளேயே.
கிருமி தின்னவென்றே பிறந்த அணு
அதை வாயோடு மூடி
புளிப்பைத் திறந்துவிட்டது.
மற்றவை கரைந்துபோகும்.
இது புளிப்பு வரும் வழியை
உள்ளிருந்தே அடைத்தது.
இரும்பை ஒளித்துவைத்தார்கள்;
தூண்டில் போல ஒரு சின்ன மூலக்கூறை வீசி
இழுத்துக்கொண்டது.
விஷவாயு விட்டார்கள்;
குலைந்த புரதங்களை
ஒவ்வொன்றாய் மடித்து நேராக்கியது.
கடைசியில் மூச்சுக் காற்றும் இல்லாமல் போயிற்று.

அப்போதுதான் அது
ஒன்றும் செய்யாமலிருக்கத் தொடங்கியது.
விழுங்கினவனின் கொழுப்பையே
துளித்துளியாய் உள்ளே சேர்த்தது.
இருபது மணிக்கூருக்கு ஒருதரம்
இரண்டாய்ப் பிளப்பதையும் விட்டது.
கட்டிக்கொண்டிருக்கும் சுவரைத்தான்
மாத்திரை இடிக்கும்.
கட்டுவதையே நிறுத்தினதை
என்ன செய்யும்?

ஆனி ஆடியில் கரையேற்றின வள்ளம் என்று
நோட்டில் எழுதினேன், அடித்தேன்.
வள்ளத்துக்குக் கடன் உண்டு,
கச்சான் எப்போது அடங்கும் என்று
பார்த்திருக்க ஆள் உண்டு.
"பயங்கர புத்திசாலி" என்பார் டாக்டர் ஷைலின்.
புத்தியும் இல்லை, பொறுமையும் இல்லை.
லட்சத்தில் ஒன்று
ஏதோ கோளாறில் மந்தமாய்க் கிடந்தது.
வேகமானவை செத்தன.
மிஞ்சினதுக்கு நாம் பெயர் வைக்கிறோம்.

போன தையில் சேசடிமைக்குச் சர்க்கரை முந்நூற்று எண்பது.
சுற்றி நின்ற காவல் தளர்ந்தது.
அதுக்கு எப்படித் தெரிந்தது என்பது
நான் படித்த பாடத்தில்
பாதிப் பக்கம்தான் இருந்தது.

சளிக் கிண்ணத்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தவர்
ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டார்:
"மாடம், எனக்க கூடச் சேந்து
அதுக்கும் வயசாவுமா?"
நான் டோக்கன் நம்பரைச் சொன்னேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
வேலையில் சேர்ந்த வருசம்
என் இடது முழங்கையின் கீழே ஊசி போட்டார்கள்.
மூன்றாம் நாள் ஸ்கேல் வைத்து அளந்த நர்ஸ்
'பதினாலு மில்லிமீட்டர்' என்றாள்,
சேலைப் பிளவுசுக்கு அளவு சொல்வதுபோல.
நோய் இல்லை.
எங்கேயோ ஒன்று இருக்கலாம், அவ்வளவுதான்.

அதையும் கூட்டிக்கொண்டுதான்
பார்வதிபுரம் பாலத்தில் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன்.
சாளையும் மரச்சீனியும் வாங்குகிறேன்.
சொசைட்டிக் கடனுக்கு நோட்டீஸ் வந்த ராத்திரி
உறங்காமல் கிடந்தபோது
அதுவும் விழித்ததா என்று தெரியாது.
எனக்குக் கஷ்டம் என்று படுவது
அதுக்கு என்னவாகப் படுமோ.
படுமா என்பதே தெரியாது.

ஐந்தாம் வாரம் ஒன்றும் இல்லை.
ஆறாம் வாரம் ஒன்றும் இல்லை.
எட்டு முடிந்தால் 'வளர்ச்சி இல்லை' என்று
ரப்பர் ஸ்டாம்ப் குத்திவிடலாம்.

ஏழாம் வியாழன்.
சாய்வின் கீழ் ஓரத்தில்
வறுத்த ரவை ஒட்டினதுபோல்
ஒன்று.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தேன்.
பக்கத்தில் இன்னொன்று.

சீட்டில் இருந்த நம்பருக்கு அடித்தேன்.
மகள் எடுத்தாள்.
"அப்பா வலை பொத்துறாரு, கூப்பிடட்டா?"
அவளுக்குப் பின்னால்
கடல்தான் இரைந்திருக்க வேண்டும்.